விண்கலத்தின் வெப்பக் கவசமும் மண்ணில் நிகழும் சோதனையும்

விண்ணுக்குச் சென்ற கலம் மீண்டும் மண்ணுக்கு வந்து சேர்தல், சென்றதினும் அரிய செயலாகும். கலம் மேலெழுங்கால் தோன்றும் தீப்பிழம்பும் முழக்கமும் நம் கண்ணையும் செவியையும் கவர்கின்றன. அது மீளுங்கால், காண்பார் எவருமற்ற உயரத்தில், சில நிமிட நேரம் தீயினூடே வருகின்றது. அத்தீயினின்று அதனைக் காப்பது சில அங்குலத் தடிப்பே உள்ள ஒரு கவசம். அக்கவசம் தாங்குமா என்பதை முன்னரே அறிந்தன்றோ கலத்தை அனுப்புதல் வேண்டும்? ஆனால், அத்தகைய தீ மண்ணில் யாண்டும் இல்லை. இல்லாத தீயை எவ்வாறு உண்டாக்குவது? உண்டாக்கிய தீ விண்ணில் எழும் தீயை எவ்வளவுக்கு ஒக்கும்? அதிலே தேறிய பொருளை எவ்வளவுக்கு நம்பலாம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பம் பிறக்குமாறு

பூமியை அண்மையிற் சுற்றிவரும் கலமொன்று செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகத்தில் இயங்குகின்றது. இவ்வேகத்தில் செல்லும் பொருளின் ஒவ்வொரு கிலோகிராமும் 3 கோடியே 20 இலட்சம் யூல் இயக்கசக்தியைத் தன்னகத்தே கொண்டுள்ளது. இப்பெருந்தொகையின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 20 பாகை வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோகிராம் நீரைக் கொதிக்கவைத்து முற்றாக ஆவியாக்க ஏறக்குறைய 26 இலட்சம் யூல் போதும். எனவே, விண்கலத்தின் ஒரு கிலோகிராம் கொண்டிருக்கும் சக்தி 12 கிலோகிராம் நீரை ஆவியாக்கவல்லது. இரும்பையே உருக்கி ஆவியாக்கவும் வல்லது. கலம் தரையில் வந்து அமரும்போது அதன் வேகம் இல்லாதொழிய வேண்டும். வேகம் ஒழியின் அச்சக்தி எங்கே போகும்? அது வெப்பமாகவே வெளிப்படும்.

காற்றோடு உராய்வதால் அவ்வெப்பம் பிறக்கின்றது எனப் பலர் கூறுவர். அது முழு விடையன்று. துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பியின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்த மாணவன் அதன் சூட்டை அறிவான். காற்று நெருக்கப்படும்போது சூடேறுகின்றது. விண்கலம் ஒலியினும் பன்மடங்கு வேகத்தில் வருதலின், அதன் முன்னே நிற்கும் காற்று விலகிச் செல்ல நேரமின்றி ஒருங்கே நெருக்குண்டு, அதிர்ச்சி அலை எனப்படும் ஒரு மெல்லிய எல்லையைத் தோற்றுவிக்கின்றது. அவ்வெல்லையைக் கடந்த காற்று பல்லாயிரம் பாகை வெப்பநிலையை அடைகின்றது. அந்நிலையில் ஒட்சிசன் மூலக்கூறுகளும் நைதரசன் மூலக்கூறுகளும் அணுக்களாகப் பிரிகின்றன. அணுக்களுட் சில தம் இலத்திரன்களையும் இழக்கின்றன. கலத்தைச் சூழ்வது நாமறிந்த காற்று அன்று. ஒளிர்கின்ற பிளாசுமா என்பதே பொருந்தும்.

இங்ஙனமாயின் எக்கலமும் எரிந்தொழிய வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் கலத்தின் வடிவமே. அமெரிக்காவின் ஏம்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய ஜூலியன் அலன் என்பார் 1951ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டார். ஊசிபோன்ற கூர்முனையினும் மழுங்கிய முனையே மீட்சிக்கு ஏற்றது என்பதே அது. மழுங்கிய முனை அதிர்ச்சி அலையைத் தன் மேனியினின்றும் தள்ளி நிறுத்துகின்றது; வெப்பத்தின் பெரும்பகுதி காற்றிலேயே தங்கிக் காற்றோடு அகன்று விடுகின்றது. கலத்தை வந்தடைவது அதன் சிறு பகுதியே. எனினும், அச்சிறு பகுதியும் உலோகங்களை உருக்கப் போதுமானது. அதனைத் தாங்கவே கவசம் வேண்டப்படுகின்றது.

கவசத்தின் இருவகை

வெப்பக் கவசங்களை இருவகையாகப் பகுக்கலாம். ஒன்று, தான் அழிந்து கலத்தைக் காப்பது; மற்றொன்று, தான் அழியாது வெப்பத்தைத் தடுப்பது.

முதல்வகையை விளக்க எம் ராகலைப் பகுதி மாணவருக்கு வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் நொதித்த ஈரத்தூளை ‘டிறையர்’ என வழங்கும் உலர்த்தும் பொறியில் இடுவர். அதனுட் புகும் காற்று கொதிநீரின் வெப்பநிலையை அண்மியது. ஆயினும், ஈரம் உள்ளவரை தூள் அவ்வளவு சூடாவதில்லை. வந்த வெப்பம் நீரை ஆவியாக்குவதிற் செலவாகி, ஆவியோடு வெளியேறுகின்றது. ஈரம் அற்றுப்போன பின்னரும் தூளைப் பொறியில் விட்டுவைத்தால் அது கருகும். முதல்வகைக் கவசத்தின் தத்துவமும் இதுவே. காபன் இழையோடு பீனோலிக்குப் பிசினைச் சேர்த்துச் செய்த கவசம் சூடேறும்போது, பிசின் சிதைந்து வாயுவாகின்றது. அவ்வாயு வெளியேறும்போது வெப்பத்தைச் சுமந்து செல்வதோடு, சுடுகாற்றையும் மேற்பரப்பினின்று சற்றே விலக்குகின்றது. எஞ்சிய கரிப்படை செந்தழலாய் ஒளிர்ந்து வெப்பத்தைக் கதிராக வெளியே வீசுகின்றது. மேற்பரப்பு கரைந்து தேயும்; உள்ளிருப்பது பிழைக்கும்.

இரண்டாம் வகைக்குச் சிலிக்கா ஓடுகள் சான்றாகும். தூய சிலிக்கா இழைகளால் ஆன இவ்வோடுகளின் கனவளவிற் பெரும்பகுதி வெறும் இடைவெளியே. ஆதலின், இவை மிக இலேசானவை. வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானவை. புறம் தணல்போற் சிவந்திருப்பினும் அகம் சூடேற நெடுநேரம் செல்லும். அதற்குள் கலம் தரையை அடைந்துவிடும். இத்தகைய ஓடுகளை மீண்டும் பயன்படுத்தலாம் என்பது இவற்றின் சிறப்பு. எளிதில் நொறுங்கும் என்பது குறை.

மண்ணில் மூட்டும் தீ

ஒரு பொருள் 2,000 பாகை வெப்பத்தைத் தாங்குமா என்பதை அறிய உலையொன்று போதாதா என ஒருவர் வினவலாம். போதாது. உலையில் வெப்பம் உண்டு. பாய்ந்து மோதும் காற்று இல்லை. விண்தீயிற் பிரிந்து நிற்கும் அணுக்கள் கவசத்தின் மேற்பரப்பை அடைந்ததும் மீண்டும் ஒன்றுகூடி மூலக்கூறுகளாகின்றன. அக்கூடுகையின்போது அவை விடுவிக்கும் சக்தியும் கவசத்தின்மேலேயே விழுகின்றது. சில மேற்பரப்புக்கள் இக்கூடுகையை ஊக்குவிக்கும், சில ஊக்குவியா. ஒரே தாரையில் வைத்த இரு பொருள்கள் வெவ்வேறு அளவிற் சூடாதற்கு இதுவும் ஒரு காரணம். சாதாரண உலை இவ்வேறுபாட்டைக் காட்டாது.

ஆகவே, அறிஞர் மின்வில் தாரை எனப்படும் பெரும் பொறியை அமைத்தனர். நீண்ட குழாயொன்றின் இரு முனைகளிலும் மின்வாய்களைப் பொருத்தி, அவற்றிடையே மின்னலையொத்த மின்வில் ஒன்றை இடைவிடாது நிறுத்துவர். அக்குழாய் ஒன்றையொன்று தொடாது காவலிடப்பட்ட செப்பு வளையங்களின் அடுக்காகும். ஒவ்வொரு வளையத்தினுள்ளும் குளிர்நீர் விரைந்து ஓடும். ஓடாது நின்றாற் செம்பு உருகிவிடும். குழாயினுட் செலுத்தப்பட்ட காற்று மின்வில்லினாற் பல்லாயிரம் பாகை சூடேறி, இடை குறுகிப் பின் விரியும் வாயொன்றினூடாக, காற்று அகற்றப்பட்ட அறையினுள் ஒலியினும் மிக்க வேகத்திற் பாய்கின்றது. சோதிக்கவேண்டிய பொருளை அத்தாரையின் நடுவே நிறுத்துவர்.

அதற்கு முன்னர் செப்புக் கலோரிமானி ஒன்றைத் தாரையில் நீட்டி, ஒரு சதுர சென்ரிமீற்றர்ப் பரப்பில் ஒரு செக்கனில் விழும் வெப்பம் எவ்வளவென அளந்துகொள்வர். இதனை வெப்பப் பாயம் என்பர். பின்னர் மாதிரிப் பொருளை நீட்டி, அதன் ஒளிர்வைக் கொண்டு மேற்பரப்பின் வெப்பநிலையையும், உள்ளே வெவ்வேறு ஆழங்களிற் பதித்த வெப்பவிணைகளைக் கொண்டு உட்புற வெப்பநிலையையும் குறிப்பர். சோதனைக்கு முன்னும் பின்னும் நிறையையும் தடிப்பையும் அளந்து, தேய்ந்தது எவ்வளவு, கருகியது எவ்வளவு எனக் கணிப்பர்.

இப்பொறிகள் உண்ணும் மின்சாரம் பெரிது. ஏம்ஸ் ஆராய்ச்சிக் கூடத்திலுள்ள ஒன்று 60 மெகாவாற்று வலுவினது. இத்தாலியின் கபுவா நகரிலுள்ள ‘சிரோக்கோ’ 70 மெகாவாற்று வலுவினது. நமக்கு அண்மையில், திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையத்தில் பிளாசுமாக் காற்றுச் சுரங்கம் ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதலாவது ஆய்வு றொக்கெற்று தும்பாக் கடற்கரையினின்று ஏவப்பட்டதன்றோ? அவ்விடத்தில் வளர்ந்த நிலையமே இது.

ஒரு பொறி, ஒரு வினா

நுவரெலியாவில் நீர் 100 பாகையிற் கொதிப்பதில்லை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் குறைதலின், அது 94 பாகையளவிலேயே கொதிக்கின்றது. அதே நீர், அதே அடுப்பு. அமுக்கம் வேறாக, விளைவும் வேறாகின்றது. கவசப் பொருளின் நிலையும் இத்தகையதே. வெப்பப் பாயம், மோதும் வாயுவின் சக்தி, அமுக்கம், வெப்பம் நீடிக்கும் காலம், கவசத்தின் உருவளவு ஆகிய ஐந்தும் சேர்ந்தே அதன் நடத்தையை நிருணயிக்கின்றன. மீட்சியின்போது இவ்வைந்தும் கணந்தோறும் மாறுகின்றன. இவையனைத்தையும் விண்ணில் உள்ளவாறே ஒருங்கு காட்டும் பொறி உலகில் ஒன்றேனும் இல்லை.

ஆதலின், சோதனையைப் பகுத்து நடத்துவர். மின்வில் தாரை நிமிடக்கணக்கில் எரியும். ஆயின் அதில் வைக்கத்தக்கது பெரும்பாலும் சிறு மாதிரியே. அதிர்ச்சிச் சுரங்கம் என்பது வேறொரு பொறி. அதிலே உயரமுக்க வாயுவைத் தடுத்து நிற்கும் உலோகத் தகடு வெடித்ததும் அதிர்ச்சி அலை ஒன்று பாய்ந்து, விண்ணை ஒத்த வேகமும் சக்தியும் உடைய காற்றோட்டத்தைத் தருகின்றது. ஆயின், அது நீடிப்பது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அந்நேரத்தில் எப்பொருளும் எரியாது. எனினும், கலத்தின் எப்பகுதியில் வெப்பம் மிகுதியாக விழும் என்பதை அது தெளிவாகக் காட்டும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இத்தகைய சுரங்கங்கள் உள்ளன. திருவனந்தபுரத்திலும் ஒரு மீற்றர் அளவினதான அதிர்ச்சிச் சுரங்கமும் மீயொலிவேகக் காற்றுச் சுரங்கமும் 2017ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் இயக்கி வைக்கப்பட்டன. பெரிய பாகங்களைச் சூடாக்க அகச்சிவப்பு விளக்குகளின் வரிசை உதவும். ஆயின், அங்கே பாயும் காற்று இல்லை. இவ்வாறு ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு வினாவையே வினவுகின்றது. கிடைத்த விடைகளைக் கணிதத்தாற் கோத்து முழுமையாக்குதல் அறிஞர் கடன்.

வங்கக் கடலில் வந்த விடை

இவ்வுழைப்பின் பயனை 2007ஆம் ஆண்டில் உலகம் கண்டது. அவ்வாண்டு சனவரி 10ஆம் நாள், ஏறத்தாழ 550 கிலோகிராம் நிறையுள்ள எஸ்.ஆர்.ஈ.-1 என்னும் விண்கூடு சிறிகரிக்கோட்டாவினின்று ஏவப்பட்டது. அதன் மழுங்கிய முனைக்குக் காபன்-பீனோலிக்குக் கவசமும் பிற புறப்பகுதிகளுக்குச் சிலிக்கா ஓடுகளும் பொருத்தப்பட்டிருந்தன. மேற்கூறிய இருவகையும் ஒரு கலத்திலேயே இடம்பெற்றமை நோக்கத்தக்கது. வெப்பம் மிக்க முனையில் அழிந்து காப்பதும், வெப்பம் குறைந்த பக்கங்களில் அழியாது காப்பதும் வைக்கப்பட்டன. பன்னிரு நாள் பூமியைச் சுற்றிய அக்கூடு சனவரி 22ஆம் நாள் வளிமண்டலத்தினுட் புகுந்து, பரசூட்டுக்களின் உதவியோடு, சிறிகரிக்கோட்டாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தொலைவில் வங்கக் கடலில் இறங்கி மிதந்தது. சுற்றுப்பாதையினின்று ஒரு கலத்தை மீட்கும் ஆற்றலை இந்தியா முதன்முறை பெற்றது.

அடுத்து 2014ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், மனிதர் அமர்தற்குரிய பருமையுடைய, 3.1 மீற்றர் விட்டமுள்ள கூடொன்று ஆளின்றி அனுப்பப்பட்டது. அது 126 கிலோமீற்றர் உயரத்தில் விடுபட்டு, வளிமண்டலத்தினூடு வந்து, அந்தமான் தீவுகளை அடுத்த கடலில் இறங்கியது. மனிதரை விண்ணுக்கு அனுப்பி மீட்கும் ககன்யான் திட்டத்துக்கு இஃது ஒரு படியாகும். மண்ணிற் செய்த சோதனைக்கு மேற்சோதனை பறத்தலே என்பதையும், அதனை ஆளில்லாக் கலத்திலேயே முதலிற் செய்தல் வேண்டும் என்பதையும் இவை காட்டுகின்றன.

வினவாத வினா

சோதனையிற் பிழைத்தால் நேர்வது யாது? 2003ஆம் ஆண்டு பெப்ருவரி முதலாம் நாள் கொலம்பியா விண்ணோடம் மீளுங்கால் சிதைந்து, இந்தியாவிற் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிர் நீத்தனர். சனவரி 16ஆம் நாள் அவ்வோடம் புறப்பட்டபோது எரிபொருட் தாங்கியினின்று பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடச்சிறகின் முன்விளிம்பைத் தாக்கியிருந்தது. விண்ணோடம் சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே அத்தாக்குதலைப் பொறியியலாளர் கணித்துப் பார்த்தனர். ஆயின், அவர்கள் கையாண்ட சூத்திரம் மிகச் சிறிய துண்டுகளைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகளினின்றும் பெறப்பட்டது. தாக்கிய துண்டோ அவற்றினும் பல நூறு மடங்கு பெரிது.

விபத்துக்குப் பின், 2003 யூலை 7ஆம் நாள், அதே பருமையுள்ள நுரைத்துண்டு அமெரிக்க ஆய்வகமொன்றில் உண்மையான சிறகுத்தகட்டின்மேல் எறியப்பட்டது. ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த அந்நுரை, ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் அகலமுள்ள துளையைத் தகட்டில் உண்டாக்கியது. அக்கவசம் வெப்பத்தைத் தாங்கும் என்பதைப் பலகாலும் சோதித்திருந்தனர். அடியைத் தாங்குமா என்னும் வினா உரிய அளவில் வினவப்படவில்லை. விடை கிடைத்தபோது அதனாற் பயன்பெற வேண்டிய எழுவரும் இல்லை.

கடுமை வேறு, உண்மை வேறு

இன்னுமொரு நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ஆர்ட்டெமிஸ் முதற்பயணத்தில் ஆளின்றிச் சென்ற ஓரியன் கலம், சந்திரனைச் சுற்றி டிசம்பர் 11ஆம் நாள் மீண்டது. கலம் செவ்வனே இறங்கியது. ஆயின், ‘அவ்கோட்’ என்னும் பொருளாலான அதன் கவசத்தை நோக்கியபோது, நூற்றுக்கு மேற்பட்ட இடங்களிற் கரிப்படை எதிர்பாராவகையிற் பெயர்ந்து போயிருந்தது. காரணம் காண நாசா நிறுவனத்தார் 121 வெப்பச் சோதனைகளை நிகழ்த்தி, 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டனர்.

அக்கலம் ஒரே மூச்சில் இறங்கவில்லை. நீர்ப்பரப்பில் எறிந்த தட்டைக்கல் ஒருமுறை துள்ளி வீழ்வதுபோல, வளிமண்டலத்திற் புகுந்து, மேலெழுந்து, மீண்டும் புகுந்தது. துள்ளி எழுந்த இடைவேளையில் வெப்பம் தணிந்தது. அதனால், கரியாகும் வேகம் குறைந்தது. ஆனால், உள்ளே சேர்ந்திருந்த வெப்பத்தால் வாயு பிறந்துகொண்டே இருந்தது. நன்கு கரியான படையில் நுண்துளைகள் மிகுதி. வாயு எளிதில் வெளியேறும். அரைகுறையாய்க் கரியான படையிலோ அது வெளியேற வழி போதவில்லை. அமுக்கம் மிகுந்தது, கவசம் வெடித்தது. பயணத்துக்கு முன்னர் மண்ணில் நிகழ்ந்த சோதனைகளில் ஏன் இது தோன்றவில்லை? அச்சோதனைகளில் வெப்பம் விண்ணில் நேர்ந்ததிலும் மிகுதியாகக் கொடுக்கப்பட்டது. மிகுந்த வெப்பத்தில் நல்ல கரி உண்டாகி வாயுவுக்கு வழி திறந்தது. ஆகவே, குறை மறைந்துகொண்டது. பின்னர், ஏம்ஸ் கூடத்து மின்வில் தாரையில் வெப்பத்தைத் தணித்து, இடைவேளையையும் புகுத்திச் சோதித்தபோதே வெடிப்புத் தோன்றியது. அப்பயணத்தில் மனிதர் இருந்திருப்பினும் அவர்களுக்கு இடர் நேர்ந்திராது என்பது நாசாவின் கணிப்பு. எனினும், அடுத்த பயணத்தில் அக்கலம் மீளும் பாதையை மாற்ற அவர்கள் தீர்மானித்தனர்.

தேயிலை உலர்த்துவோர் இதன் மறுதலையை நன்கறிவர். உலர்த்தும் பொறியில் வெப்பம் அளவு மீறினால் தூளின் புறம் விரைந்து இறுகிவிடும்; உள்ளீரம் வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொள்ளும். அங்கே வழி அடைபடுவது வெப்பத்தின் மிகுதியால். ஓரியனிலோ வெப்பத்தின் குறைவால். இரண்டிலும் கேடு விளைப்பது உள்ளே சிறைப்பட்ட ஆவியே. மிகுந்த வெப்பத்தைத் தாங்கியது குறைந்த வெப்பத்தையும் தாங்கும் என்பது நியாயம்போலத் தோன்றும். அவ்வகை நியாயம் எப்போதும் செல்லாது என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். விண்தீயை மண்ணிற் பகுதி பகுதியாகவே உண்டாக்க முடியும் என்பது ஒன்று. ஒவ்வொரு சோதனையும் தான் வினவிய வினாவுக்கே விடை தரும், வினவாததற்குத் தராது என்பது மற்றொன்று. சோதனை கடுமையாக இருத்தல் மட்டும் போதாது, நிகழப்போவதை ஒத்தும் இருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது.

இம்மூன்றாவது உண்மை ஆசிரியராகிய நமக்கும் உரியது. வினாத்தாள் எவ்வளவு கடினமோ அவ்வளவு நன்று என எண்ணுவாரும் உளர். கடின வினாவுக்கு விடையளித்த மாணவன் வாழ்க்கையின் எளிய வினாவொன்றில் இடறுவதை நாம் காணாமலில்லை. அவன் எதனை எதிர்கொள்ளப் போகின்றானோ அதனை ஒத்ததே அவனுக்குரிய தேர்வு. இவ்வுண்மையைக் கொலம்பியா எழுவர் உயிரை விலையாகக் கொடுத்து உணர்த்தியது. ஓரியன் உயிர்ச்சேதமின்றி உணர்த்தியது. விலை குறைந்த வழியிலேயே பாடத்தைக் கற்றுக்கொள்ளுதற்கன்றோ மண்ணில் மின்வில்லை மூட்டி நிற்கின்றனர்? நம் மாணவருள் ஒருவர் நாளை அப்பொறியின் அருகே நின்று சோதனை நிகழ்த்துவாராயின், பொருள் தேறியதா எனக் கேட்குமுன், வினா சரியானதா எனத் தம்மையே கேட்டுக்கொள்வாராக.